ஒரு ஜோடி காலர்ப் பாம்பு

அரியலூரில் கோடி வருடத்துக் கல்நத்தையைப் பொறுக்கி வந்து வீட்டில் அடுக்கி வைத்தால் அவர் ஆராய்ச்சியாளர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து காட்டுவார்கள். நூறு வருடத்துப் பித்தளையைப் பொறுக்கி வந்து அடுக்கி வைத்தால் அவன் பழைய இரும்புக்காரன். எங்கள் தெருவில் இரண்டு வகையும் உண்டு. எதிர்வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய நத்தைகளைப் பார்க்க வெளியூரிலிருந்து காரில் வருகிறார்கள். என் சேகரிப்பைத் தேடி வந்த ஒரே ஆள், வீட்டில் பழைய செம்புக் கம்பி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நான் சேர்ப்பது அந்தக் காலத்து ராணுவ டாக்டர்களின் சீருடைச் சின்னங்கள். தொப்பியில் குத்துவது, காலரில் குத்துவது, தோளில் வைப்பது, பொத்தான், எல்லாம். பெரும்பாலும் ஒரே படம்தான். நடுவில் ஒரு கோல், கோலைச் சுற்றி ஒரு பாம்பு, இரண்டையும் சுற்றி இலை வளையம், மேலே ஒரு கிரீடம். நோயாளியைக் காப்பாற்றக் கிளம்புகிறவன் எதற்காகப் பாம்பைக் கழுத்தில் குத்திக்கொண்டு போகிறான் என்று எனக்கும் ஆரம்பத்தில் விளங்கவில்லை. பில்லைப் பார்த்த பிறகு நோயாளிக்கு விளங்கும் என்று ஒரு டாக்டரே என்னிடம் சொன்னார்.

என் தொழில் மெடிக்கல் ரெப். பெரம்பலூர், குன்னம், உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் என்று இந்தப் பக்கத்தில் போர்டு மாட்டிய டாக்டர் எவரும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. நான்தான் அவர்கள் கண்ணில் படுவதில்லை. வெயில் கொளுத்தும்போது கழுத்தில் டை கட்டிக்கொண்டு, காய்ச்சல்காரருக்கும் இருமல்காரருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்து, கடைசி நோயாளியும் போன பிறகு உள்ளே நுழைந்தால், டாக்டர் போனில் பேசியபடியே கையை நீட்டுவார். கை குலுக்க அல்ல, சாம்பிள் மாத்திரைக்கு. பாதி ஆயுள் இப்படிப் போயிற்று. சின்னங்களைச் சேர்ப்பதில் எனக்குள்ள சுகமே இதுதான். இந்த டாக்டர்கள் என்னைக் காக்க வைப்பதில்லை. நான் எப்போது பெட்டியைத் திறந்தாலும் இருக்கிறார்கள், பேசாமல் இருக்கிறார்கள்.

வியாதி தொற்றியது பெரம்பலூரில். மழைக்கு ஒரு பழைய இரும்புக் கடையில் ஒதுங்கினேன். ஓட்டைக் குடத்துக்கும் உடைந்த குழாய்க்கும் நடுவில் பொத்தான் ஒன்று கிடந்தது. அதில் பாம்பு. கடைக்காரர் எடைக்குக் கொடுத்தார், தராசு முள் அசையக்கூட இல்லை. அன்று இரவு சாப்பாட்டைக்கூட மறந்து போனில் தேடினேன். உலகத்தில் என்னைப் போலப் பைத்தியங்கள் ஏராளம் என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வந்தது.

அதற்குப் பிறகு ஆன்லைனில் வாங்கினேன், வாங்கி ஏமாந்தேன். வடக்கே எங்கோ போன மாதம் அச்சடித்து, டீத்தண்ணீரில் ஊறப் போட்டுக் கிழமாக்கிய சின்னங்கள் என் வீட்டுக்குப் பார்சலில் வந்து இறங்கின. ஏமாந்து ஏமாந்துதான் படிப்பு வந்தது. அசலின் பின்பக்கம் இரண்டு சிறிய வளையங்கள் இருக்கும், அவற்றின் வழியாக ஊசியைச் செருகித் துணியில் நிறுத்துவார்கள். ராஜா மாறினால் கிரீடத்தின் வடிவமும் மாறும். எல்லாவற்றையும் விட முக்கியம், காலர்ச் சின்னம் ஜோடியாகத்தான் வரும். இடது காலர்ப் பாம்பும் வலது காலர்ப் பாம்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் கிடைத்தால் அது ஒற்றைச் செருப்பு. என்னிடம் எல்லாம் இருந்தது, உலகப் போர்க் காலத்து அதிகாரி ஒருவரின் காலர் ஜோடி மட்டும் இல்லை. சுவரில் மாட்டிய கண்ணாடிப் பெட்டியின் நடுவில் அதற்காக இடம் விட்டு வைத்திருந்தேன். விருந்தாளிகள் அங்கே இருந்தது கீழே விழுந்துவிட்டதா என்று கேட்பார்கள்.

என் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க டாக்டர்களுக்குப் பின்னால் ஓடிவிட்டு வருகிறவளுக்கு வீட்டுச் சுவரிலும் டாக்டர்களா என்ற சலிப்பு இருந்திருக்கலாம். என் சேகரிப்பைப் பற்றி நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. ஒருநாள் அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, காலர் ஜோடி ஒன்றின் படத்தைப் போனில் காட்டி, இந்த இரண்டு மாவட்டத்தில் யார் வீட்டிலும் இது இருக்காது என்று பீற்றிக்கொண்டேன். அவள் படத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்க வூட்டுல இருந்துச்சுங்க இது. கொள்ளுத் தாத்தா கோட்டுல," என்றாள்.

உடையார்பாளையம் பக்கம் அவள் பிறந்த வீடு. அவளுடைய கொள்ளுத் தாத்தா மதராஸில் டாக்டருக்குப் படித்து, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறிச் சண்டைக்குப் போனவர். எந்த நாட்டுக்கு என்பதில் அந்தக் குடும்பத்தில் ஒற்றுமை கிடையாது. சிலர் பஸ்ரா என்பார்கள், சிலர் பர்மா என்பார்கள். அவருடைய கோட்டு ஒரு டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டைகளோடு கிடந்ததாம். வருடா வருடம் மழை விட்ட பிறகு அதை எடுத்துக் கயிற்றுக் கட்டிலில் வெயில் காய வைப்பது இவளுடைய வேலை. பிரஷ்ஷால் தட்டி, காலரில் இருக்கும் பாம்புகளை உலர்ந்த துணியால் துடைத்து, மடித்து வைக்க வேண்டும். அண்ணன் தம்பியை அந்த வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். இதையெல்லாம் அவள் காயிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, ஜோடியாக இருந்ததா என்று.

"ஜோடியாதான் இருந்துச்சு. இப்ப ஆளுக்கு ஒண்ணு."

அப்போதுதான் அந்தப் பாகப் பிரிவினை ஞாபகம் வந்தது. மாமனார் இறந்த பிறகு ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை உட்கார வைத்து வாய்ப்பேச்சிலேயே பிரித்தார்கள். அவளுடைய அண்ணனுக்கு இவ்வளவு நிலம், தம்பிக்கு இவ்வளவு நிலம். முந்திரித் தோப்பு பாதிப் பாதி. கிணற்றுத் தண்ணீர் முறை வைத்து. அண்டா ஒருவருக்கு என்றால் அதே எடைக்குக் குடமும் தவலையும் இன்னொருவருக்கு. அப்படி ஒரு நியாயத்தை நான் எங்கும் கண்டதில்லை, வீட்டுக் கோழிகள்கூடக் கவலையோடு நடமாடின. கடைசியில் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். கோட்டைப் பூச்சி அரித்திருந்தது, அதை ஒதுக்கிவிட்டார்கள். காலரில் இரண்டு பாம்பு இருந்தது. இரண்டு பேர் இருந்தார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கழற்றி ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தார்கள். எனக்கு அப்போது இந்த வியாதி இல்லை. வேப்பமரத்தடியில் பாயசத்தில் முந்திரி தேடிக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்குப் பங்கு உண்டா என்று அன்று யாரோ ஒருவர் ஒப்புக்குக் கேட்டார். அவளைத்தான் கட்டிக் கொடுத்தாயிற்றே என்று பதில் வந்தது. அதாவது அவளுடைய பங்கு நான். பாயசம் குடித்துக்கொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்த சிலருக்கு அவள் நன்றாக ஏமாந்துவிட்டாள் என்று தோன்றியிருக்கும்.

அந்த வீட்டில் இன்னொரு கதையும் உண்டு, அதை விசேஷ நாட்களில் எல்லோரும் சேர்ந்து சொல்லிச் சிரிப்பார்கள். என் மனைவிக்கு டாக்டருக்குப் படிக்க ஆசை. மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது, பணம் கட்டினால் இடம் கிடைக்கும் என்றார்கள். முந்திரித் தோப்பில் ஒரு துண்டை விற்றால் போதும். பொம்பளைப் பிள்ளை படிப்புக்குத் தோப்பை விற்பதா என்று நர்ஸிங்கில் சேர்த்தார்கள். பிறகு அதே துண்டை விற்றுத்தான் தம்பி குன்னத்தில் உரக்கடை வைத்தார். டாக்டராகியிருந்தால் ஒரு வீட்டைத்தான் பார்த்திருப்பாள், இப்போது உரம் எத்தனை காட்டை வாழ வைக்கிறது பார் என்பது அந்தக் கதையின் முடிவு. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆக, நான் தேடி அலைந்த ஜோடி என் மாமனார் வீட்டிலேயே இருக்கிறது. ஒன்று உடையார்பாளையம் பக்கம், ஒன்று குன்னத்தில். இரண்டும் என் வழக்கமான ரூட். மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்லும் வீடா அது? முதலில் பெரிய மச்சானைப் பார்க்கப் போனேன்.

அவர் வீட்டில் பாம்பு சாமி அறையில் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரளிப்பூ சாத்தியிருந்தார்கள். கிரீடம் வேறு இருந்ததால் நாகம்மாள் என்று முடிவு செய்வதில் அவர்களுக்குச் சிரமமே இருந்திருக்காது. வெண்கலத்தின் மேல் நூறு வருடம் படிந்து வரும் கருநிறத்தைச் சேகரிக்கிறவர்கள் விரல் நுனியால் தொடவும் பயப்படுவார்கள். மச்சானின் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்திருந்தார். பாம்பின் கண்ணும் மூக்கும் போயே போய்விட்டன. இது சாமி இல்லை மச்சான், ராணுவ டாக்டர்கள் சட்டையில் குத்திக்கொள்வது என்று பொறுமையாக விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"பாத்தீங்களா மாப்ள, அந்தக் காலத்துல டாக்டருங்களே நாகம்மாள கும்புட்டுருக்காங்க," என்றார்.

இதற்கு மேல் வாதம் செய்ய மெடிக்கல் ரெப்பால் முடியாது. நேரடியாகக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மாப்பிள்ளை கேட்டு மறுப்பதா என்றார். ஆனால் தம்பி அவனுடையதை முதலில் கொடுக்கட்டும், அவன் கொடுத்த மறுநாள் நான் கொண்டு வந்து தருகிறேன் என்றார்.

தம்பியின் பாம்பு குன்னத்தில் அவருடைய கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. யாரோ அதைப் பார்த்து டாக்டர் அடையாளம் என்று சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து வாகனச் சோதனையில் யாரும் அவரை நிறுத்துவதில்லை. ஒருமுறை மட்டும் பிரச்சனை ஆகியிருக்கிறது. ரோட்டோரம் மயங்கி விழுந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லி ஜனங்கள் காரை மறித்துவிட்டார்கள். உரக்கடைக்காரர் இறங்கி நாடி பிடித்துப் பார்த்து, சோடா கொடுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆள் பிழைத்துக்கொண்டாராம். ஊரில் பாதிப் பேர் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று கூச்சத்தோடு சொன்னார், அந்தக் கூச்சத்தில் பெருமைதான் அதிகம் இருந்தது. பாம்பைக் கேட்டேன். அவரும் மறுக்கவில்லை. அண்ணன் முதலில் கொடுக்கட்டும் என்றார்.

அண்ணனும் தம்பியும் பேசி வருடக்கணக்கில் ஆயிற்று. கிணற்றுத் தண்ணீர் முறையில் யாரோ யாருடைய முறையிலோ மோட்டாரை அரை மணி நேரம் கூடுதலாக ஓட்டியதில் வந்த பகை. இதில் நடுவில் நான். சோளக்காட்டு வழியாக அங்கேயும் முந்திரித் தோப்பு வழியாக இங்கேயுமாக பைக்கில் போய்வந்தேன். கம்பெனி எனக்குக் கொடுத்த பெட்ரோல் காசு எந்த மாத்திரைக்கு எவ்வளவு உதவியது என்று கேட்காதீர்கள். அண்ணனிடம் போனால் தம்பி கொடுப்பதாகச் சொல்லிவிட்டார் என்பேன். தம்பியிடம் போனால் அண்ணன் எடுத்து வைத்துவிட்டார் என்பேன். இரண்டு பேரும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம் என்றார்கள். பார்த்துக்கொள்ளவோ மாட்டார்கள்.

கடைசியில் ஒருநாள் உரக்கடையில் உட்கார்ந்திருந்தபோது பொறுமை போய், தொழில் புத்தி வேலை செய்தது. மருந்தைப் பற்றிச் சொல்லிப் பலிக்காவிட்டால் மனத்தைத் தொடுகிற மாதிரி ஒன்று சொல்ல வேண்டும், இது எங்கள் பயிற்சியில் பாலபாடம். எனவே குரலைத் தழைத்துக்கொண்டு, எனக்காக இல்லாவிட்டாலும் உங்கள் அக்காவுக்காகக் கொடுங்கள், அவளும் அந்த வீட்டில் பிறந்த பெண்தானே, அவளுக்கும் அதில் ஒரு பாத்தியதை இல்லையா என்றேன். என் மனைவியை இதற்குக் கேட்டேனா என்றால், இல்லை. பேச்சு அழகாக வந்தது, விட்டுவிட்டேன்.

தம்பி எடை போட்டுக்கொண்டிருந்த மூட்டையை அப்படியே நிறுத்தினார். இத்தனை மாதமாகத் தண்ணீர்கூடத் தராதவர் எனக்கு டீ வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பினார். மருந்து பிடிக்கிறது என்று மகிழ்ந்துபோய், அதே வாரம் அண்ணன் வீட்டிலும் போய் அதே வசனத்தை இன்னும் கொஞ்சம் உருக்கமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பைக் வரை வந்து வழியனுப்பினார்.

இரண்டு நாளில் பெரிய மச்சானின் மனைவி போன் செய்து, அண்ணனும் தம்பியும் பேசிவிட்டார்கள், நீங்கள்தான் சேர்த்து வைத்தீர்கள் என்றார். குரலில் ஏதோ ஒன்று இடறியது, நான் அதைச் சந்தோஷத்தில் வந்த தழுதழுப்பு என்று எடுத்துக்கொண்டேன். வருடக்கணக்காக ஊர்ப் பெரியவர்களாலும் குலதெய்வத்தாலும் ஆகாததை ஒரு காலர்ச் சின்னம் செய்துவிட்டது. என் மனைவியிடம் சொன்னபோது அவள், அப்படியா, திடீரென்று என்னவாம் என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே காரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். காரின் கண்ணாடிக்குப் பின்னால் பாம்பு இல்லை என்பதை நான் வாசலிலிருந்தே பார்த்துவிட்டேன். ஆப்பிள், பூ, வெற்றிலை, பட்டுப் புடவை என்று ஒரு தட்டு நிறைய வந்திருந்தது. மனைவி டியூட்டிக்குப் போயிருந்தாள், மதியத்துக்கு மேல்தான் வருவாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். பெரிய மச்சான் என் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் போய்ப் பின்னால் கை கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் சேகரிப்பை அப்படி நின்று பார்த்த முதல் மனிதர் அவர். அருமை தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய பொருள் மாப்பிள்ளை, நாங்கள் அதைப் புளி போட்டுத் தேய்க்கிறோம் என்றார். எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

பிறகு ஒரு நகைப் பெட்டியை எடுத்துத் திறந்தார். சிவப்பு வெல்வெட்டின் மேல் ஒன்று தேய்ந்து பளபளப்பாகவும் ஒன்று வெயிலில் காய்ந்து கறுத்தும், இரண்டு பாம்பும் இருந்தன. கையில் எடுத்துத் திருப்பினேன். பின்னால் வளையங்கள் இருந்தன. அசல். பெட்டியில் விட்டு வைத்த இடத்துக்கு அளவு சரியாக இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது.

அதற்கு அடுத்ததாகத்தான் காக்கி உறை வந்தது. அதற்குள் முத்திரைத்தாள். விடுதலைப் பத்திரம். அப்பாவின் சொத்தில் தனக்குப் பாத்தியதை எதுவும் இல்லை, இனிமேலும் கேட்க மாட்டேன் என்று என் மனைவி அண்ணனுக்கும் தம்பிக்கும் எழுதிக் கொடுப்பதாக அதில் இருந்தது. பெண்ணுக்கும் சரிபங்கு என்று சட்டம் சொல்வது இவர்களுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்ததால்தான் பத்திரம். பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருந்தது. வாய்ப்பேச்சுப் பாகத்தில் நிம்மதியாக இருந்தவர்களிடம் நான்தான் போய், அவளும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே என்று இரண்டு வாசலிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பாம்பில் ஆரம்பித்து மாப்பிள்ளை தோப்பில் வந்து நிற்பார் என்று அவர்களுக்குப் பயம். வருடக்கணக்கான பகையை அந்தப் பயம் ஒரே போனில் தீர்த்து வைத்துவிட்டது.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மாப்ள. நாளைக்கி நமக்குள்ள மனசுல ஒண்ணும் இருக்கக்கூடாது பாருங்க," என்றார் பெரிய மச்சான். தம்பி, திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அக்கா ஒருமுறை வந்து போனால் போதும், காரிலேயே கூட்டிப் போய்க் கொண்டுவந்து விடுகிறேன் என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் மடியில் பெட்டி திறந்திருந்தது. கேட்டாலும் வராத நிலத்தைக் கொடுத்துவிட்டு, கைக்கு வந்துவிட்ட பாம்பை வாங்கிக்கொள்கிறோம், இதில் நமக்கு என்ன நஷ்டம் என்று ஒரு குரல் சொன்னது. இத்தனை வருடத்தில் அவள் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆகவே அவளுக்கு அதில் ஆசை இல்லை என்று அதே குரல் சொன்னது. மருந்து விற்கிறவன் மனத்தில் ஓடும் குரல் அது, எதையும் நல்லவிதமாகச் சொல்லும்.

மனைவி வந்தாள். சீருடையோடுதான் இருந்தாள். அண்ணனையும் தம்பியையும் ஒன்றாகப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பெரிய மச்சான் பெட்டியை அவள் பக்கம் திருப்பினார். அவள் இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, புடவை முந்தானை என்று நினைத்தோ என்னவோ சட்டை நுனியால் துடைத்தாள். பளபளவென்றிருந்த பாம்பின் முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். தேய்ந்துவிட்டது என்றாள். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம், மூன்று பேரும் வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

தம்பி பத்திரத்தை டீப்பாயின் மேல் விரித்தார். எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டினார். பெரிய மச்சான் இது என்ன விஷயம் என்று அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னார். நியாயமாகவே சொன்னார், எதையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தடவினார். தம்பியும் தடவினார். பத்திரம் கொண்டு வந்தவர்கள் பேனா கொண்டு வரவில்லை. என் சட்டைப் பையில் எப்போதும் கம்பெனிப் பேனா இருக்கும். மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினேன்.

அவள் பேனாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். வாங்கிக்கொண்டு மூடியைக் கேட்டாள், கொடுத்தேன், பேனாவை மூடி டீப்பாயின் மேல் வைத்தாள். பிறகு பாம்புகளைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மூடி, அண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

"அண்ணே, பாகம் பிரிச்ச அன்னைக்கி என்னையும் ஒரு வார்த்த கேட்டிருந்தா, இந்த ரெண்டு பாம்பு போதும்னு சொல்லியிருப்பேன். வேற எதுவும் வேணாம்னு அன்னைக்கே கையெழுத்தும் போட்டுருப்பேன். இப்ப இது வேணாம். எம் பங்கு நெலத்த அளந்து குடுத்துடுங்க."

குரலை உயர்த்தவில்லை. வார்டில் நோயாளியின் ஆட்களிடம் பேசுகிற குரல்தான். தம்பி, யோசிச்சுச் சொல்லுக்கா என்றார். யோசித்துவிட்டேன் என்றாள். பெரிய மச்சான் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள் என்று அந்தப் பார்வை சொன்னது. அந்த அறையில் அவரைவிட அதிகமாக அதிர்ந்து போயிருந்தவன் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நகைப் பெட்டியும் காக்கி உறையும் அவர் பைக்குள் போயின. புடவைத் தட்டை எடுப்பதா விடுவதா என்று தம்பி தயங்கினார், பிறகு ஆப்பிளை மட்டும் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

நிலத்தைப் பிறகு அளக்கத்தான் செய்தார்கள். வக்கீல் நோட்டீஸ் ஒன்று போன பிறகு சர்வேயர் வந்தார். சங்கிலி இழுத்தபோது அண்ணனும் தம்பியும் ஒரே குடைக்கடியில் நின்றிருந்தார்கள், எங்களுக்கு எதிர்ப்பக்கம். முந்திரித் தோப்பில் ஓரமாக ஒரு துண்டு இப்போது அவள் பெயரில் இருக்கிறது. பாம்புகள் யாருடைய வீட்டில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கார் தெருமுனை திரும்பியதும் நான் உள்ளே வந்தேன். அவள் சமையலறையில் ஆப்பிளைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்தப் பாம்புகள் மேல் உனக்கு இவ்வளவு ஆசை இருந்ததை இத்தனை நாளில் என்னிடம் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாமே, உன் அண்ணனும் தம்பியும் உனக்கு இப்படிச் செய்துவிட்டார்களே என்று, அவளுக்காகப் பரிந்து பேசுகிறவனைப் போலவே கேட்டேன். அவள் குழாயை மூடினாள்.

"அவங்க என்னைக் கேக்காம விட்டாங்க, அவ்வளவுதாங்க. பேனாவ எடுத்துக் குடுத்தது நீங்க."